குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த சிறிய திரையரங்குகள் ஏன் மறைந்தன?

தொலைக்காட்சியை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது என்பது என் கருத்து. பெரிய அரங்குகளில் ஓடி முடிந்த படச்சுருள்கள், சில வாரங்கள் கழித்து, குறைந்த கட்டணத்தில் இந்த அரங்குகளுக்கு வந்துசேரும். புதுப்படம் ஒரே நாளில் எங்கும் வெளியாகும் வழக்கம் வந்ததும் அந்த இரண்டாம் சுற்றுக்கு இடமில்லாமல் போயிற்று. வீடியோ கேசட்டும் நிலத்தின் விலையேற்றமும் சேர்ந்துகொண்டன. எஞ்சியவற்றில் பலவற்றை, டிஜிட்டல் புரொஜெக்டருக்கு மாறும் செலவு முடக்கியது.

அதோடு ஒரு கைத்திறனும் போய்விட்டது. எனக்கு அதுவே பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. 2,000 அடிச் சுருள் ஏறத்தாழ 22 நிமிடங்களில் தீர்ந்துவிடும் என்பதால், திரையின் வலது மேல் மூலையில் கணநேரம் மின்னும் சிறு வட்டத்தைக் கவனித்து, ஆபரேட்டர் காட்சி அறுபடாமல் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றுவார்.