குகைத் தெருக் குழாயை மாற்றப் பணம் எங்கே இருக்கிறது?

கேள்வி: சேலம் குகைப் பகுதியில் இருக்கிறோம். எங்கள் தெருவில் அறுபது வீடுகளுக்கு மேல். பாதிக்கு மேல் தறி ஓட்டும் குடும்பங்கள். குடிநீர்க் குழாய் எங்கள் அப்பா காலத்தில் பதித்தது. தண்ணீர் விடும் நாளில் முதல் இரண்டு குடம் சாக்கடை வாடை அடிக்கிறது. ஃபிட்டர் வந்து கிளாம்ப் போட்டுவிட்டுப் போகிறார். அடுத்த மாதம் பத்தடி தள்ளி உடைகிறது. கவுன்சிலரைக் கேட்டால் ‘நிதி இல்லை’ என்கிறார். பழைய அணைகளைப் பழுது பார்க்க உலக வங்கி பணம் தருவதாகப் படித்தேன். எங்கள் தெருக் குழாய்க்கு மட்டும் ஏன் யாரும் தருவதில்லை? எந்தத் திட்டத்தில் கேட்பது? நாங்களே வசூல் செய்து மாற்றிக்கொள்ளலாமா? ஏற்காட்டு மலையில் என் மைத்துனர் ஊரிலும் இதே கதைதான்.

பதில்: பணத்துக்கு முன்னால் தண்ணீரைப் பற்றி. அந்த முதல் இரண்டு குடத்தை யாரும் குடிக்க வேண்டாம், அரிசி களையவும் வேண்டாம். சில நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விடும் ஊர்களில், வால்வை மூடியதும் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகும். எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே பக்கத்துச் சாக்கடை நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை வால்வைத் திறக்கும்போது முதலில் வருவது அதுதான். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கிற வீடுகள் உங்கள் தெருவில் இருந்தால், இந்த உறிஞ்சலை அவர்கள் இன்னும் மோசமாக்குகிறார்கள். அண்டை வீட்டாரிடம் சண்டை போடாமல், ஆனால் விடாமல், இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் இந்த வாரமே பாருங்கள். மெயின் குழாயிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் இணைப்புக் குழாய் சாக்கடைக்குள் இறங்கி ஏறுகிறதா? பழைய ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சாக்கடை நீரில் ஊறி, அடிப்பக்கம் சல்லடையாகியிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச் அடித்து, கையுறை போட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். வாடை நாலைந்து வீட்டில் மட்டும் அடிக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். அதை மாற்றுவது வீட்டுக்காரர் செலவு, பெரிய செலவும் இல்லை. தெரு முழுக்க அடிக்கிறது என்றால்தான் மெயின் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது இரண்டு மூன்று வீட்டுத் தண்ணீரைச் சேலத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, அறிக்கையை வாங்கி வையுங்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. அது இல்லை, மலக்கிருமி இருக்கிறது என்று ஒரு தாள் கையில் இருந்தால், பிறகு நான் சொல்லப்போகிற எல்லாக் கதவும் கொஞ்சம் எளிதாகத் திறக்கும்.

இனி ‘நிதி இல்லை’ என்ற பேச்சுக்கு வருவோம். உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் பல வருடம் எஸ்டிமேட் போட்டவன் நான். கொங்கு வட்டாரத்து ஊர் ஒன்றில் உங்கள் தெருவைப் போலவே ஒரு தெரு. வேறு வேலைக்காகத் தோண்டியபோது ஆறு அங்குல இரும்புக் குழாயில் ஒரு துண்டை வெட்டி எடுத்தோம். உள்ளே துரு கட்டிக் கட்டி, என் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. அலுவலகம் போய் அந்தத் தெருவின் கோப்பைப் புரட்டினேன். பதினோரு கிளாம்ப் பில் இருந்தது. குழாயை மாற்ற ஒரு எஸ்டிமேட்கூட இல்லை. அந்தத் தெருவுக்குப் பணம் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறது, துண்டு துண்டாக. முழுசாகக் கேட்டுக் காகிதம் எழுத ஒருவரும் உட்காரவில்லை. அந்தப் பதினோரு பில்லில் எனக்குக் கீழே வேலை செய்தவர்கள் எழுதியதும் உண்டு. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

ஏன் இப்படி ஆகிறது? அரசுக் கணக்கில் இரண்டு வகைச் செலவு. உடைந்ததை ஒட்டுவது பராமரிப்பு. பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிப்பது மூலதனச் செலவு. டெல்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற திட்டப் பணத்தில் பெரும்பகுதி இரண்டாவது வகைக்குத்தான். முதல் வகையை மாநகராட்சி தன் சொந்த வருவாயில் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘பழுது பார்த்துத் தாருங்கள்’ என்று மனு எழுதினால் அது ஃபிட்டரின் மேசைக்குப் போகும், கிளாம்ப் வரும். ‘இத்தனை மீட்டர் பழைய குழாயை மாற்றித் தாருங்கள்’ என்று எழுதினால் உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் போட்டாக வேண்டும். மனுவில் இந்த ஒரு சொல்லை மாற்றுங்கள். உங்களுக்கு நான் சொல்வதில் முக்கியமானது இதுதான்.

சொந்த வருவாய் என்றேன். தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் குடிநீர் வடிகால் நிதி என்று ஒரு தனிக் கணக்கு உண்டு. நீங்கள் கட்டும் சொத்து வரியில் குடிநீர், வடிகாலுக்கான பங்கும், குடிநீர்க் கட்டணமும், இணைப்பு டெபாசிட்டும் அதில்தான் சேர வேண்டும். மேட்டூரிலிருந்து தண்ணீரை பம்ப் செய்து கொண்டுவரும் மின்கட்டணமும், ஆள் சம்பளமும், பழைய கடன் தவணையும் அதிலிருந்துதான் போகிறது. இதெல்லாம் போன பின் மிஞ்சுவதுதான் பராமரிப்புக்கு. இதோடு மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் எல்லா உள்ளாட்சிகளுக்கும் பிரித்துத் தரப்படுகிறது. கவுன்சிலர் ‘இல்லை’ என்பது இந்த மிச்சத்தைப் பார்த்துத்தான். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு பையை மட்டும் தடவிப் பார்த்துச் சொல்கிறார்.

அடுத்த பை அம்ருத் 2.0. நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்காக 2021 அக்டோபரில் தொடங்கிய மத்தியத் திட்டம் இது. ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரத்தில், வேலைச் செலவில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுடையது. 2011 கணக்குப்படி சேலம் மாநகராட்சியில் எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள். ஆக, 100 ரூபாய் வேலைக்கு 33 ரூபாய் டெல்லியிலிருந்து, மீதி மாநிலமும் மாநகராட்சியும். ஆனால் ஒற்றைத் தெருவுக்கு இதில் யாரும் பணம் கேட்க முடியாது. நகரம் அல்லது மண்டலம் அளவில் விநியோகக் குழாய்களை மாற்றும் தொகுப்பாகத்தான் போகும். உங்கள் தெரு அந்தத் தொகுப்பின் வரைபடத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. கொண்டலாம்பட்டி, அம்மாபேட்டை என்று உங்கள் வார்டு எந்த மண்டலத்தில் வருகிறதோ அங்கே போய் வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மக்கள் பணத்தில் தயாரானது, கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பங்கிடுவது என்று பரிந்துரைக்கும் நிதி ஆணையத்தின் மானியமும் உண்டு. 2021 முதல் 2026 வரை பதினைந்தாவது ஆணையம் வகுத்த முறையில், சேலம் மாதிரி நகரங்களுக்கு வரும் மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் தூய்மைப் பணிக்கும் என்று கட்டிப்போடப்பட்டிருந்தது. 2026 ஏப்ரலிலிருந்து பதினாறாவது ஆணையத்தின் காலம். இந்த மானியத்தில் உங்கள் வார்டுக்கு என்ன வேலை எடுத்தார்கள் என்று ஒரு தகவல் உரிமை மனு போட்டுக் கேளுங்கள். மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் இன்னொரு வழி.

கடனும் ஒரு வழி. நகர உள்ளாட்சிகளுக்குக் கடன் தரும் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் 1996 முதல் இயங்குகிறது. இதே மாநிலத்தில் 2002-03இல் 13 சிறிய நகரங்கள் ஒன்றுசேர்ந்து, தண்ணீர், கழிவுநீர் வேலைகளுக்காக 30.41 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டுக் காட்டின. தனித்தனியாகப் போயிருந்தால் அந்த ஊர்களுக்கு யார் கடன் கொடுத்திருப்பார்கள்? ஆனால் கடன் என்றால் தவணை. தெருவில் பாதிப் பேர் குடிநீர்க் கட்டணம் பாக்கி வைத்திருந்தால், எந்த ஆணையரும் கடன் வாங்கிக் குழாய் மாற்றத் தயங்குவார். மனு கொடுக்கும் முன் உங்கள் தெருவில் எல்லோரும் பாக்கியைக் கட்டி, ரசீது நகல்களை மனுவோடு இணையுங்கள். நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். ரசீதுக் கட்டோடு வருகிற மனுவை ஓரமாகத் தள்ளி வைக்க மனசு வராது.

இப்போது அணை. நீங்கள் படித்தது உண்மைதான். அணைகள் புனரமைப்பு மேம்பாட்டுத் திட்டம் 2012இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கியது. அதன் இரண்டாம், மூன்றாம் கட்டத்துக்கு 10,211 கோடி ரூபாய் என 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழ்நாடும் அதில் உண்டு. அதில் பெரும்பகுதி கடன், திருப்பிக் கட்டவேண்டிய பணம். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணை மாநில நீர்வளத்துறையின் சொத்து, மாநகராட்சிக்கு அதில் கை இல்லை. அதனால் அணைக்கு வரும் பணம் உங்கள் தெருப் பக்கம் திரும்ப வழியே கிடையாது. இதைவிட முக்கியமான வேறுபாடு சட்டத்தில் இருக்கிறது. 2021இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம், அணை யாருடையதோ அவர் பராமரிப்புக்கும் பழுதுக்கும் போதிய பணத்தைத் தனியே ஒதுக்கியாக வேண்டும் என்கிறது. ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் சோதனை கட்டாயம். 2018 ஆகஸ்டில் முக்கொம்புக் கொள்ளிடக் கதவணையில் ஒன்பது மதகுகள் சரிந்தன. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் சங்கிலி அறுந்து ஒரு மதகே போனது. இவை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தவை. பூமிக்கு அடியில் உங்கள் தெருக் குழாய் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது. அதற்கு இப்படி ஒரு சட்டம் இல்லை, சோதனைத் தேதியும் இல்லை. வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குழாய்க்கும் வயது உண்டு. அந்த வயதுக்கேற்பப் பணம் ஒதுக்காத பட்ஜெட் நமக்குத் தெரியாமல் நம் பிள்ளைகளிடம் கடன் வாங்குகிறது.

நீங்களே வசூல் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் நீங்களாகத் தோண்டக் கூடாது. மெயின் குழாய் மாநகராட்சியுடையது. அளவு பார்க்காமல் போட்டால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏறாது. முறையான வழி நமக்கு நாமே திட்டம். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த, மீதியை அரசு தருகிறது. பணத்தை யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். எஸ்டிமேட் தயாரான பிறகு, மாநகராட்சிக் கணக்கில் செலுத்தி ரசீது வாங்குங்கள். சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் 2000ஆம் ஆண்டையொட்டிப் பாதாள சாக்கடை கொண்டுவந்தபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்கள் முன்கூட்டியே கட்டினார்கள். அந்தப் பணத்தைக் காட்டித்தான் மீதிக் கடனைத் திரட்ட முடிந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூலிக்குத் தறி ஓட்டும் வீட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்பது சுமை. உங்கள் தெருவில் வசதியுள்ளவர்கள் கூடுதலாகப் போட்டு, முடியாதவர்களை விட்டுவிடுவதாக இருந்தால் மட்டும் இந்த வழிக்கு வாருங்கள். சுத்தமான தண்ணீர் கேட்பதற்கு யாரும் நகை அடகு வைக்கக் கூடாது.

மைத்துனருக்கு: மலையில் ஊராட்சிக் கிராமம் என்றால் கதவு வேறு, கிராம வீடுகளுக்குக் குழாயில் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டம். தமிழ்நாட்டில் மத்தியமும் மாநிலமும் பாதிப் பாதி. கிராமத்துக்குள் நடக்கும் வேலையில் ஊர் மக்களின் பங்கு பொதுவாக 10 சதவீதம். மலைப்பகுதிக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களுக்கும் 5 சதவீதம்தான். சேர்வராயன் மலை ஊர்களில் இந்தச் சலுகையைக் கேட்டு வாங்க வேண்டும். கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் அதுபோல் ஒரு சபை இருக்கிறது. நகரங்களில் வார்டு மக்கள் கூடிக் கோரிக்கை வைக்கும் பகுதி சபைக் கூட்டம் 2022 நவம்பர் 1 முதல் நடக்கிறது. நவம்பர், டிசம்பரில்தான் மாநகராட்சியில் அடுத்த ஆண்டு பட்ஜெட்டுக்கு எண்கள் சேர்க்கத் தொடங்குவார்கள். அதற்கு முன் நடக்கும் கூட்டத்தில் உங்கள் கோரிக்கை பதிவாக வேண்டும். முன்னேற்பாடாக இன்றே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. குழாய் எந்த ஆண்டு பதித்தது, என்ன வகை, என்ன விட்டம். மூன்று ஆண்டில் எத்தனை முறை ஒட்டினார்கள், மொத்தம் எவ்வளவு செலவு. குடிநீர் வடிகால் நிதியில் ஆண்டு முடிவில் என்ன இருப்பு. 30 நாளில் பதில் தர வேண்டும். ஒட்டியதற்கு ஆன மொத்தச் செலவையும் மாற்றுவதற்கான எஸ்டிமேட்டையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கவுன்சிலரிடம் கொடுங்கள். மன்றக் கூட்டத்தில் எழுந்து பேச அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

கடைசியாக ஒரு தேதி. ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் ஊர்வலம் வரும் வண்டி வேடிக்கைக்கு முன் குகைத் தெருக்களுக்கு ரோடு போடும் பேச்சு வரும். ரோடு போட்ட மூன்றாம் மாதம் குழாய்க்காகத் தோண்டினால், தோண்டிய ரோட்டைச் சரி செய்யும் செலவும் குழாய் எஸ்டிமேட்டில் ஏறிவிடும். புது ரோட்டை வெட்ட அனுமதியும் எளிதில் கிடைக்காது. உங்கள் தெருவுக்கு ரோடு டெண்டர் வருவது தெரிந்த அன்றே, குழாய் பதித்த பிறகுதான் தார் போட வேண்டும் என்று மண்டலப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள்.