ஒரே கம்பெனி, ஒரே காசோலை

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் ஆறு மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறோம். செலவில் பத்தில் ஒன்பது பங்கை ஒரே கம்பெனி தன் சிஎஸ்ஆர் நிதியிலிருந்து, அதாவது சமூகப் பணிக்கென்று சட்டப்படி ஒதுக்கும் பணத்திலிருந்து, தருகிறது. எங்கள் ஆடிட்டர் இது ஆபத்து என்கிறார். பணம் ஒழுங்காக வரும்போது என்ன ஆபத்து?
- அறக்கட்டளைச் செயலாளர் ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஆடிட்டர் பணம் நின்றுபோகும் நாளை நினைத்துச் சொல்லியிருப்பார். எனக்குப் பணம் ஒழுங்காக வரும் நாள்களைப் பற்றித்தான் பயம்.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். முழுப் பணமும் ஒரே வெளிநாட்டு அமைப்பிடமிருந்து வந்தது. மீன் விற்கும் பெண்கள் ஐஸ் பெட்டி கேட்டார்கள். பணம் கொடுத்தவர்களின் திட்டத்தில் தையல் பயிற்சி என்று இருந்தது. 40 தையல் இயந்திரங்கள் வாங்கினோம். பயிற்சி முடித்தவர்களின் எண்ணிக்கை அறிக்கையில் அழகாக ஏறியது. மறு ஆண்டு அந்தப் பெண்கள் வழக்கம்போல மீன் கூடையோடு பஸ் ஏறினார்கள். இயந்திரங்களின்மேல் ஈரத்துணி காய்ந்தது. எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டுமே!

பணம் நிற்பதற்குக் கொடுப்பவர் மனம் மாறவேண்டும் என்பதுகூட இல்லை. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெரிய நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கிச் சிறிய நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதோடு முடிந்தது. உங்களுடையது உள்நாட்டுப் பணம்தான். ஆனால் சிஎஸ்ஆர் கணக்கு என்ன? முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். கம்பெனிக்கு லாபம் சரிந்தால் உங்கள் மையங்களிலும் விளக்கு மங்கும்.

அதற்காகக் கம்பெனியை விட்டுவிடாதீர்கள். ஐந்து பேரிடம் வாங்கினால் ஐந்து விதப் படிவம், ஐந்து விதத் தணிக்கை. ஆறு மையம் நடத்துபவருக்கு அது தாங்காது. அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள் என்று சிலர் உபதேசம் செய்வார்கள். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது; கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் ஏழைகளுக்கும் சிகிச்சை நடக்கிறது. கண் அறுவைக்குக் கட்டணம் வாங்கலாம். கூலி வீட்டுப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லித்தர எவ்வளவு வாங்குவீர்கள்?

ஆனாலும் ஊரில் கேளுங்கள். பெற்றோரிடம் மாதம் 20 ரூபாய், கடைக்காரர்களிடம் அவர்களால் முடிந்தது. நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை பெற்றுத்தரும் 80ஜி சான்று உங்களுக்கு இருந்தால் ரசீது கொடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அவர்களுக்கு வரிச் சலுகை கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். மொத்தம் சேர்வது இரண்டு ஆசிரியர் சம்பளத்துக்குக்கூடக் காணாது. ஆனால் 20 ரூபாய் கொடுத்த அம்மா, “நேற்று டீச்சர் ஏன் வரவில்லை?” என்று வாசலில் வந்து நிற்பார். கம்பெனியிலிருந்து அதைக் கேட்க இதுவரை யாராவது வந்தார்களா? அடுத்த முறை எழுதும்போது சொல்லுங்கள்.