சிமுலேட்டரில் கொழும்புக் கட்டுப்பாட்டாளர் எந்த உச்சரிப்பில் பேச வேண்டும்?

கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்கினாலும் சென்னையில் இறங்கினாலும் கணினி விமான சிமுலேட்டரில் பேசும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒரே அமெரிக்கக் குரலில் பேசுகிறார், அந்தந்த நாட்டு உச்சரிப்பு இல்லாமல் நிஜத்தன்மை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். உச்சரிப்பு வேண்டும் என்பதே என் பதில். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வேண்டும்: நாம் சொல்வதை அந்தக் குரல் உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்க வேண்டும். இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜுக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாகச் சிமுலேட்டரில் பறந்துவரும் எனக்கு இந்த வரிசை விளங்குவதற்கே நெடுங்காலம் பிடித்தது.

2006இல் வெளிவந்த மைக்ரோசொஃப்ட்டின் ‘ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்’ மென்பொருளில் கட்டுப்பாட்டாளரின் பேச்சு, முன்கூட்டியே பதிவு செய்த சொற்களை ஒட்டிச் சேர்த்ததாக இருந்தது. 2020 பதிப்பில் மைக்ரோசொஃப்ட்டின் இணைய வழிக் குரல் தொகுப்பு வந்தபின் குரல் இயல்பாகிவிட்டது. ஆனால் இரண்டிலும் விமானி பேசும் முறை மாறவில்லை. திரையில் தோன்றும் எண்ணிட்ட வரிகளில் ஒன்றை அழுத்தினால் போதும். கட்டுப்பாட்டாளர் சொன்னதைச் சிமுலேட்டரே நம் சார்பில் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லிவிடுகிறது. உயரத்தை நாம் தவறாகக் கேட்டிருந்தாலும், கேட்காமலே இருந்திருந்தாலும், பதில் சரியாகவே போகும். அந்த ஏற்பாட்டில் கட்டுப்பாட்டாளர் அமெரிக்கர் போலப் பேசினாலும் அம்பாந்தோட்டைக்காரர் போலப் பேசினாலும் விமானத்தின் போக்கில் ஒரு மாற்றமும் ஏற்படாது.

நிஜ வானில் உச்சரிப்புக்கு என்ன இடம் என்பதைச் சொல்ல வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்தில் ஈடுபடும் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ ஆறு நிலைகள் கொண்ட மொழித் தகுதி அளவுகோலை வகுத்திருக்கிறது. அதில் குறைந்தது நான்காம் நிலையை எட்டியிருக்க வேண்டும். அந்த அளவுகோலில் எந்த நிலையிலும் தாய்மொழியின் சாயல் இருக்கக் கூடாது என்று சொல்லப்படவில்லை. நான்காம் நிலையில் அந்தச் சாயல் சில வேளைகளில் மட்டுமே புரிதலுக்கு இடையூறாகலாம். உச்ச நிலையான ஆறாம் நிலையிலும் சாயல் இருக்கலாம், ஆனால் அது அநேகமாக ஒருபோதும் புரிதலைக் கெடுக்கக் கூடாது. வானொலியில் எண்களைச் சொல்லும் முறையும் இதே நோக்கில் அமைந்தது. மூன்றை ‘ட்ரீ’ என்றும், ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும், ஒன்பதை ‘நைனர்’ என்றும், ஆயிரத்தை ‘டௌசண்ட்’ என்றும் சொல்லும்படி விதி கேட்கிறது. இலண்டனில் பிறந்தவரும் தம் வீட்டு உச்சரிப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் ஒலிவாங்கியின் முன் உட்கார வேண்டும். இந்த ஏற்பாட்டின் நியாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நம் பக்கத்து நாக்குக்கும் இது துணை செய்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் வளர்ந்தவர்கள் ஆங்கிலச் சொல்லின் எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தில் சொல்வதால், ‘ஃபிஃப்டீன்’ எங்கே முடிகிறது, ‘ஃபிஃப்டி’ எங்கே முடிகிறது என்பது வேகப் பேச்சில் மங்கிவிடும். பறக்கும் உயரத்தையும் திசையையும் இலக்கம் இலக்கமாகச் சொல்ல வைப்பதால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லாமல் போகிறது. போதாததற்கு, வானொலியில் குரலின் முழு வீச்சும் வந்து சேர்வதில்லை. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி மட்டுமே வருவதால் ‘ஸ’, ‘ஃப’ போன்ற ஒலிகளின் கூர்மை போய்விடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்ற ஓசைதான் மிஞ்சும். ஆகவே ஓர் உச்சரிப்பை மட்டும் தனியே எடுத்து, சுத்தமான ஒலிப்பதிவு போல ஒலிக்கவிட்டால், அது பாதி உண்மைதான்.

1989 பெப்ரவரி 19ஆம் திகதி கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்றின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2,400 அடிக்கு இறங்கும்படி கட்டுப்பாட்டாளர் இலக்கம் இலக்கமாகச் சொன்னார். அதிலிருந்த ‘டூ’ என்ற எண், ‘வரை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக விமானிகளின் காதில் விழுந்தது. 400 என்று திருப்பிச் சொன்னார்கள். அந்தத் தவறு திருத்தப்படவில்லை. விமானம் ஒரு குன்றில் மோதியது, அதிலிருந்த நால்வரும் இறந்தனர். விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த ஒரு பரிமாற்றத்தை எடுத்துக்கொண்டால், சொன்ன விதத்தில் ஒரு ஓட்டை, கேட்ட விதத்தில் ஒரு ஓட்டை, திருப்பிச் சொன்னதைக் கவனிக்காததில் மூன்றாவது ஓட்டை. மூன்றாவது அடைபட்டிருந்தால் முதல் இரண்டும் ஆளைக் கொன்றிருக்காது. நம் சிமுலேட்டர்களில் இல்லாதது இந்த மூன்றாவது இடந்தான்.

எனக்கு அது கிடைத்தது வாட்சிமில். 2001இல் தொடங்கப்பட்ட அந்த இணைய வலையமைப்பில் கட்டுப்பாட்டாளர்களாக அமர்வோர் உயிருள்ள மனிதர்கள், தன்னார்வலர்கள். ஒரு நாள் இரவு கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அழைப்புக் குறியீட்டின் ‘ஃபோர் ரோமியோ’வை நான் ‘போர் ரோமியோ’ என்று சொன்னதால், சென்னைப் பக்கத்துக் கட்டுப்பாட்டாளர் இரண்டு முறை ‘ஸே எகெய்ன்’ (மறுபடி சொல்லுங்கள்) என்றார். மூன்றாம் முறை விதிப்படி ‘ஃபோவர்’ என்று இரண்டு அசையாகப் பிரித்துச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார். சற்று நேரத்தில் அவர் ‘ஒன் ஸீரோ ஸீரோ’ நிலைக்கு, அதாவது ஏறத்தாழ 10,000 அடிக்கு, இறங்கச் சொன்னதை நான் ‘ஒன் ஒன் ஸீரோ’ என்று திருப்பிச் சொல்லிவிட்டேன். ‘நெகட்டிவ்’ (தவறு) என்று தொடங்கி, நிதானமாகத் திருத்தினார். சிமுலேட்டரின் அமெரிக்கக் குரலுக்கே பழகிப்போன என் காது, நம் ஊர்க்காரர் போலவே பேசிய ஒருவரின் ஆங்கிலத்தைத் தவறவிட்டது. இது என்னை உலுக்கியது.

அந்த ‘ஸே எகெய்ன்’ எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தபோது, நான் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் ‘தோட்டத்துப் பிள்ளையா?’ என்று கேட்டார்கள். அதன்பின் என் பதில்களை யாரும் கவனிக்கவில்லை. வானொலியில் என் உச்சரிப்பு புரியாதபோது, என்னை மறுபடி சொல்லச் சொன்னார்கள், சொன்னதும் கேட்டார்கள். எங்கள் தாத்தா காலத்தில் தோட்டங்களை நடத்திய துரைமார்களில் ஸ்கொட்லாந்துக்காரர்கள் பலர் இருந்தார்கள். வேலைக்கு வேண்டிய தமிழை மனப்பாடம் செய்துகொண்டு அவர்கள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பேசுவார்களாம். உச்சரிப்பு எப்படியிருந்தாலும், கவ்வாத்து, கொழுந்து, மலை நம்பர் எல்லாம் வரையறுத்த சொற்களாக இருந்ததால் வேலை நடந்தது. ஆனால் துரையிடம் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்கும் உரிமை தாத்தாவுக்கு இருக்கவில்லை. வரையறுத்த சொற்களோடு அந்த உரிமையும் சேர்ந்திருப்பதால்தான் விமான வானொலி மொழியை நான் மதிக்கிறேன்.

எங்கள் பகுதியில் இருந்து பார்த்தால் ஏழு கன்னி மலை தெரியும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவை நோக்கி வந்த மார்ட்டினேர் விமானம் அந்த மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். அதற்கு உச்சரிப்பு காரணமல்ல. விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள் என்பதே விசாரணையின் முடிவு. ஆனாலும் நிஜத்தன்மை பற்றிப் பேசும்போது இந்த மலையை என்னால் மறக்க முடியாது. சிமுலேட்டரின் கட்டுப்பாட்டாளர் என்னை மலையகத்தின் மேல், 8,281 அடி உயரமுள்ள பிதுருதலாகலை அங்கே இருப்பதையே அறியாதவர் போல, கீழே இறங்கச் சொன்னதுண்டு. அவர் அதைக் கொழும்பு உச்சரிப்பில் சொல்லியிருந்தால் என் அவநம்பிக்கை கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. ஓர் ஊரின் குரலில் பேசுபவர் அந்த ஊரின் மலையை அறிந்திருக்க வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பேசும் மென்பொருள்கள் வந்துவிட்டன. நாம் ஒலிவாங்கியில் சொல்வதைப் புரிந்துகொண்டு பதில் தருபவையும் அவற்றில் உண்டு. இவற்றின் குரல்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரு கவலை இருக்கிறது. மைக்ரோசொஃப்ட்டின் குரல் பட்டியலில் இலங்கைத் தமிழுக்கென்றே குரல்கள் இருக்கின்றன. இந்திய ஆங்கிலத்துக்கும் இருக்கின்றன. இலங்கை ஆங்கிலத்துக்கு நான் தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. அதனால் இந்தியக் குரலையே கொழும்புக்கும் மாலைதீவின் தலைநகர் மாலேக்கும் போட்டுவிடும் வழக்கம் வரக்கூடும். யாழ்ப்பாணத்தவரும் கண்டிக்காரரும் மலையகத்தவரும் பேசும் ஆங்கிலத்தில் உள்ள வேறுபாடுகளை இங்கே பிறந்தவர்கள் ஒரு வரியிலேயே கண்டுகொள்வார்கள். கேலிச்சித்திரம் போல மிகைப்படுத்திய ஒரு ‘ஆசிய உச்சரிப்பு’ வருவதைவிட, தெளிவான, ஊர் தெரியாத குரலே மேல் என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் குரல் மாதிரிகளை மட்டும் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டாம். இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு சிறிய பயணத்தைத் தொடங்குங்கள். உங்கள் வீட்டு நாக்கிலேயே பேசுங்கள். புரியாவிட்டால் அது மறுபடி கேட்கிறதா, இல்லை புரிந்ததுபோல் நடித்து எதையாவது சொல்கிறதா என்று பாருங்கள். பிறகு 8,000 அடிக்கு ஏறச் சொன்னால் வேண்டுமென்றே 9,000 என்று திருப்பிச் சொல்லுங்கள். ‘நெகட்டிவ்’ என்று தொடங்கி அது உங்களைத் திருத்தினால், அதன் உச்சரிப்பு எந்த ஊருடையதாக இருந்தாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.