வெப்பமண்டல நாட்டுக்குப் போகுமுன் ஊசி மட்டும் போட்டால் போதுமா?

முதன்முறையாக வெப்பமண்டல நாடு ஒன்றுக்குப் போகிறேன், தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஆனால் அங்கேதான் தொடங்க வேண்டும், அதுவும் கிளம்ப 4 முதல் 6 வாரம் இருக்கும்போதே. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கான சான்றிதழ், போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும். 2016 முதல் ஆயுளுக்கும் அது ஒன்றே போதும். ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு ஊசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கொசு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ராத்திரி வலைக்குள் படுத்தால் மலேரியா பரப்பும் அனாஃபிலஸிடம் தப்பலாம். டெங்கு பரப்பும் ஏடிஸோ பட்டப்பகலில் கடிக்கும். ஆகவே பகலிலும் கொசு விரட்டி பூசுங்கள். சன்ஸ்கிரீன் முதலில், அதன்மேல் விரட்டி. மலேரியா தடுப்பு மாத்திரையை வீடு திரும்பியதும் நிறுத்திவிடாதீர்கள். டாக்சிசைக்ளின் என்றால் அதற்குப் பிறகும் 4 வாரம் உண்டு.

தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகும்போது வளையம் ‘டக்’கென்று உடைகிறதா பாருங்கள். அவ்வளவு பார்த்து வாங்கிவிட்டு, ஜூஸில் மிதக்கும் ஐஸைக் கோட்டை விட்டவன் நான். வயிற்றுப்போக்கில் மூன்று நாள் அறையை விட்டு நகரவில்லை. ஓஆர்எஸ் பொட்டலம்தான் காப்பாற்றியது.

நாயோ குரங்கோ கடித்தால், லேசாகக் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசிக்குப் போங்கள்.

காய்ச்சல் வந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். மலேரியா, திரும்பி வந்து பல மாதம் கழித்தும் தலைகாட்டும். அப்போது போய்வந்த நாட்டின் பெயரை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.