சன் ஆர்பிசி நீக்கப்பட்ட லினக்ஸில் பழைய நிரலைப் புதுப்பிப்பது எப்படி?

சி மொழியில் எழுதிய பழைய ஆர்பிசி (வலையமைப்பு வழியே வேறொரு கணினியின் செயற்கூறை அழைக்கும் முறை) சர்வர் நிரல் ஒன்று, புதிய லினக்ஸில் கம்பைல் செய்யும்போது ஹெடர் கோப்பே இல்லை என்று நின்றுவிடுகிறது. சன் ஆர்பிசிக்கு மாற்றான லிப்டிஐஆர்பிசி பொதியை நிறுவி அதனோடு லிங்க் செய்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கம்பைல் ஆவதற்குப் பெரும்பாலும் அது போதும். ஆனால் பழைய நிரல்களில் ஐபிவி4 முகவரி மட்டுமே உண்டு என்ற நம்பிக்கை பல இடங்களில் ஊறிக் கிடக்கிறது. அதைத் தேடி எடுப்பதுதான் உண்மையான வேலை என்பது இத்தகைய சர்வர்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் என் கருத்து.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ், பயனர் விவரங்களைப் பகிரும் என்ஐஎஸ் ஆகியவற்றுக்கு அடித்தளமாக 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய தொலை செயல்முறை அழைப்பு முறையை (இதுவே சன் ஆர்பிசி), லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி நெடுங்காலம் தனக்குள்ளேயே வைத்திருந்தது. 2011இல் வந்த 2.14 பதிப்பு அதைக் காலாவதியானதாக அறிவித்து, புதிய நிரல்கள் அதனோடு லிங்க் ஆவதைத் தடுத்தது. 2.16 பதிப்பில், விரும்புவோர் கட்டமைக்கும்போது அதை மீண்டும் இயக்கிக்கொள்ள வழி விடப்பட்டது. 2020 ஆகஸ்டில் வெளிவந்த 2.32 பதிப்பில் ஹெடர்கள், எக்ஸ் கோப்பு எனப்படும் இடைமுக விவரிப்பிலிருந்து சி நிரலை உருவாக்கும் ஆர்பிசிஜென் கருவி உட்பட எல்லாம் நீக்கப்பட்டன. முன்பே கம்பைல் செய்யப்பட்ட நிரல்கள் முடங்கிவிடாமல் இருக்க, பழைய கணினிக் கட்டமைப்புகளுக்கு மட்டும் உள்ளிருக்கும் செயற்கூறுகள் விட்டுவைக்கப்பட்டன. உங்கள் பழைய பைனரி இன்றும் ஓடுவதும், அதே மூலநிரல் கம்பைல் ஆக மறுப்பதும் இதனால்தான்.

கம்பைல் செய்யும் பகுதி எளிது. லிப்டிஐஆர்பிசியின் டெவலப்மென்ட் பொதியையும், ஆர்பிசிஜென் கருவியைத் தரும் ஆர்பிசிஎஸ்விசி-புரோட்டோவையும் நிறுவுங்கள். ஹெடர்கள் வழக்கமான இடத்தில் இல்லாமல் டிஐஆர்பிசி என்ற துணைக் கோப்பகத்துக்குள் இருக்கும் என்பதால், பாதையைக் கையால் எழுதாமல் பாதைகளைத் தானே எடுத்துத் தரும் பிகேஜி-கான்ஃபிக் கருவி மூலம் பெறுவதே நல்லது.

இனி முகவரிக்கு வருவோம். அழைத்தவர் யார் என்று அறிய, பழைய சர்வர்கள் எஸ்விசி_கெட்காலர் என்பதைப் பயன்படுத்தின. ஜிலிப்சியில் அது 16 பைட் கொண்ட ஐபிவி4 முகவரி அமைப்பைச் சுட்டியது. லிப்டிஐஆர்பிசியில் அதே பெயர் 28 பைட் கொண்ட ஐபிவி6 அமைப்பைச் சுட்டுகிறது. வகை பொருந்தவில்லை என்று முன்பு எச்சரிக்கையோடு விட்ட ஜிசிசி கம்பைலர், 2024இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்கிறது. அப்போது ஒரு காஸ்ட் (கட்டாய வகை மாற்றம்) போட்டு அதன் வாயை அடைத்துவிடாதீர்கள். ஐபிவி4 அமைப்பில் முகவரி இருக்கும் 4ஆம் பைட்டில், ஐபிவி6 அமைப்பில் ஃப்ளோ இன்ஃபோ என்ற வேறொரு புலம் இருக்கிறது. அதன் மதிப்பு பெரும்பாலும் 0. ஆகவே ஐபிவி6 வழியாக வரும் எவரும் உங்கள் அனுமதிச் சோதனைக்கு 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து வந்தவராகவே தெரிவார். எஸ்விசிடிசிபி_கிரியேட் போன்ற பழைய அழைப்புகளை வைத்திருக்கும் வரை சர்வர் ஐபிவி4இல் மட்டுமே கேட்கும் என்பதால் இந்தக் கோளாறு மறைந்தே இருக்கும். ஐபிவி6இலும் கேட்கும் எஸ்விசி_கிரியேட்டுக்கு மாறிய அன்றுதான் வெளிப்படும். எனவே முதலில், இரு வகை முகவரிகளையும் தரும் எஸ்விசி_கெட்ஆர்பிசிகாலருக்கு மாறி, முகவரிக் குடும்பத்தைப் பார்த்து முடிவெடுக்கும்படி சோதனையைத் திருத்திவிட்டு, அதற்குப் பிறகே ஐபிவி6ஐத் திறக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எந்த ஆர்பிசி சேவை எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று சொல்லும் போர்ட்மேப்பின் இடத்தில் இப்போது ஆர்பிசிபைண்ட் இருக்கிறது. போர்ட் அதே 111. போர்ட்மேப் வெறும் போர்ட் எண்ணை மட்டும் திருப்பித் தந்தது. ஆர்பிசிபைண்டின் புதிய நெறிமுறை முழு முகவரியையும் தருகிறது. 127.0.0.1.8.1 என்று வந்தால் பதற வேண்டாம்: கடைசி இரண்டு எண்களில் முதலாவதை 256ஆல் பெருக்கி மற்றதைக் கூட்டினால் 2049, அதாவது என்எஃப்எஸ் போர்ட். பழைய லைப்ரரியோடு கம்பைல் ஆன சில நிரல்கள் லூப்பேக் (கணினி தன்னோடு தானே பேசும் இணைப்பு) வழியாகப் பதிவு செய்யாததால், ஆர்பிசிபைண்ட் அவற்றை ஏற்காமல் போகலாம். அதற்காக இன்செக்யூர் எனப்படும் ஐ விருப்பத்தை நிரந்தரமாகப் போட்டு வைப்பதை நான் ஏற்க மாட்டேன்; நிரலை மீண்டும் கம்பைல் செய்வதே சரியான தீர்வு.

எப்படியும் மூலநிரலைத் தொடப் போகிறீர்கள்; எக்ஸ் கோப்பில் நீள வரம்பில்லாமல், வெற்று அடைப்புக்குறியோடு அறிவிக்கப்பட்ட ஸ்ட்ரிங்குகளையும் அணிகளையும் தேடி, ஒவ்வொன்றுக்கும் தகுந்த வரம்பைக் கொடுத்துவிடுங்கள். 2002இல், வலையமைப்பில் அனுப்பும் அணித் தரவை மாற்றித் தரும் எக்ஸ்டிஆர்_அரே செயற்கூறில் உறுப்பு எண்ணிக்கையையும் அளவையும் பெருக்கும்போது எண் நிரம்பி வழிந்த பாதுகாப்புக் குறை, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பல இயங்குதளங்களைப் பாதித்தது. 2017இலும், 111ஆம் போர்ட்டுக்கு அனுப்பிய யுடிபி பொட்டலங்களால் ஆர்பிசிபைண்டின் நினைவகத்தைத் தின்று தீர்க்க முடிந்தது. அனுப்பியவர் சொன்ன நீளத்தை அப்படியே நம்பி இடம் ஒதுக்கியதே காரணம்.

சோதிக்கும்போது ஆர்பிசிஇன்ஃபோ கட்டளைக்குப் பெரிய டி விருப்பத்தில் டிசிபி, டிசிபி6 ஆகியவற்றைத் தனித்தனியே கொடுத்து, உங்கள் நிரல் எண்ணை அழைத்துப் பாருங்கள். பிறகு, அனுமதிப் பட்டியலில் இல்லாத ஒரு கணினியிலிருந்து ஐபிவி6 வழியாக உண்மையான செயற்கூறு ஒன்றை அழைத்து, சர்வர் அதை மறுக்கிறதா என்றும், பதிவேட்டில் அழைத்தவரின் முழு முகவரி பதிவாகிறதா என்றும் பாருங்கள்.