பட்டன் அழுத்தினால் வீடியோ: அருங்காட்சியகத்தில் எப்படி அமைப்பது?

நாலு பட்டன், நாலு வீடியோ, யாரும் தொடாதபோது ஒரு முகப்புக் காட்சி. கேள்வி இவ்வளவுதான் என்றால் பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம், ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று போதும்.

ஒவ்வொரு பட்டனின் ஒரு முனை போர்டில் வெளிச் சாதனங்களை இணைக்கும் ஜிபிஐஓ பின் ஒன்றுக்கு, மறுமுனை கிரவுண்டுக்கு. பட்டனை அழுத்தாதபோது பின்னை 3.3 வோல்ட்டிலேயே பிடித்துவைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் போர்டுக்குள்ளேயே இருக்கிறது, அதை நிரலில் இயக்கிவிடுங்கள். அந்தப் பின்கள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். பட்டனுக்குள் எரியும் விளக்கின் 5 வோல்ட் வயர் தவறிப்போய் அதில் பட்டால் போர்டு போச்சு.

ஒருமுறை அழுத்தினாலும் உள்ளே தகடு துள்ளுவதால் பலமுறை அழுத்தியதாகப் பதிவாகும். அதனால் முதல் அழுத்தலுக்குப் பின் சுமார் 50 மில்லி விநாடிக்கு வருவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். குழந்தைகள் வேறு விடாமல் தட்டுவார்கள்! வீடியோ தொடங்கிய முதல் 2 விநாடிக்கு எந்தப் பட்டனும் வேலை செய்யாதபடி வைப்பது என் வழக்கம்.

பலர் கோட்டைவிடுவது மின்சாரத்தில். மாலையில் காவலர் மெயின் சுவிட்சை அப்படியே அணைப்பார். அந்த நேரம் எழுதிக்கொண்டிருந்தால் போர்டின் எஸ்டி கார்டு கெட்டுப்போகலாம். பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக் நிரலில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்கினால், மாற்றங்கள் தற்காலிக நினைவகத்துக்குப் போகும், கார்டில் எழுதப்படாது.

தொடுதிரையா பட்டனா என்றால், நான் பட்டன் பக்கம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும் உயரத்தில் வையுங்கள். சப்டைட்டிலும் போடுங்கள், கூட்ட இரைச்சலில் பேச்சு காதில் விழாது.