உயிரியல் வகுப்பில் ஆதியாகமம்: பெற்றோர் என்ன செய்யலாம்?

கேள்வி: அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் 10-ம் வகுப்பு படிக்கிறாள். பரிணாமப் பாடத்தைத் தொடங்கிய அன்றே உயிரியல் ஆசிரியர், "இதெல்லாம் வெறும் ஊகம், பூமிக்கு வயது 6,000 ஆண்டுதான்" என்று சொல்லி ஜெராக்ஸ் தாள்கள் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து தேர்விலும் கேள்வி வந்தது. மகள் பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதினாள், மதிப்பெண் போய்விட்டது. பிரின்சிபலிடம் சொன்னால், "அந்தப் பாடம் நடக்கும்போது அவள் நூலகத்தில் உட்காரட்டும்" என்கிறார். "அவர்கள் பைபிள் சொன்னால் நம் தசாவதாரத்தையும் சொல்லித்தரச் சொல்வோம், மீன், ஆமை என்று அதிலும் பரிணாமம் இருக்கிறதே" என்பது கணவரின் வாதம். அவர் ஹெச்-1பி விசாவில் இருக்கிறார். க்ரீன் கார்டு மனு நிலுவையில் உள்ளது. புகார் செய்தால் அதற்குச் சிக்கல் வருமா?

பதில்: விசா பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். அது மனதில் இருக்கும்வரை நான் சொல்லும் வேறு எதுவும் காதில் ஏறாது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் 'குடிமக்கள்' என்பதோடு நிற்கவில்லை, 'எந்த நபருக்கும்' சட்டத்தின் சமமான பாதுகாப்பு உண்டு என்கிறது. ஆவணங்களே இல்லாத குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளியில் படிக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே தீர்ப்பளித்துவிட்டது. நீங்களோ முறையான விசாவில் வந்தவர்கள். பள்ளிக்குப் புகார் எழுதுவதோ, சிவில் வழக்குப் போடுவதோ க்ரீன் கார்டை மறுப்பதற்குச் சட்டத்தில் உள்ள காரணங்களில் ஒன்றல்ல. கடிதம் எழுத யாரையும் கேட்கத் தேவையில்லை. வழக்கு என்ற நிலை வந்தால் மட்டும், உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். உங்கள் பள்ளி செய்வது தவறு. அதைப் பல நீதிமன்றங்கள் பல முறை சொல்லிவிட்டன.

1925-ல் டென்னசியின் டேட்டன் ஊரில், பரிணாமம் சொல்லிக்கொடுத்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அது பழைய காலம். பரிணாமத்தைப் பாடமாக நடத்தக் கூடாது என்ற ஆர்கன்சா மாநிலச் சட்டத்தை 1968-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தடுக்க முடியாது என்றானதும், 'பரிணாமம் நடத்தினால், கடவுளே உயிர்களைப் படைத்தார் என்ற படைப்புக் கொள்கையையும் சேர்த்து நடத்து' என்று சட்டம் போட்டார்கள். ஆர்கன்சா போட்ட அந்தச் சட்டம் 1982-ல் கீழமை நீதிமன்றத்திலேயே விழுந்தது. லூசியானா போட்ட சட்டத்தை 1987-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. ஒரு மதத்தின் நம்பிக்கையை அரசு தன் பள்ளியில் அறிவியலாக முன்வைக்க முடியாது என்பதுதான் இந்தத் தீர்ப்புகளின் சாரம்.

இந்த இடத்தில் உங்கள் கணவரிடம் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுகிறேன். தசாவதாரத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள். இரண்டையும் சமமாக நடத்துவோம் என்ற வாதம்தான் ஆர்கன்சாவிலும் லூசியானாவிலும் தோற்றது. அதை நீங்களே கையில் எடுத்தால், உயிரியல் வகுப்பில் மதத்துக்கு இடம் உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அப்புறம் எதை எதிர்ப்பீர்கள்? இதை இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் இடையிலான சண்டையாக ஆக்கவே ஆக்காதீர்கள். 1982 ஆர்கன்சா வழக்கில் படைப்புச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்களில் பல கிறிஸ்தவ சபைகளின் தலைவர்களும் இருந்தார்கள். புகாரில் 'எங்கள் மதம்' என்ற சொல்லே வர வேண்டாம். 'உயிரியல் வகுப்பில் உயிரியல் நடத்துங்கள்' என்பது மட்டும் போதும்.

நூலகத்தில் உட்காரச் சொல்வதையும் ஏற்காதீர்கள். பள்ளியில் பைபிள் வாசிப்பதைப் பற்றிய 1963-ம் ஆண்டு வழக்கிலேயே, விருப்பமில்லாத மாணவர் வெளியே போகலாம் என்று விதி இருப்பதால் தவறு சரியாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் மகள் எந்தத் தவறும் செய்யாமல் வகுப்பை விட்டு எழுந்து போக வேண்டும் என்பது என்ன நியாயம்?

இதே போன்ற ஒரு வழக்கு லூசியானாவின் சபைன் பகுதியில் 2014-ல் நடந்தது. தாய்லாந்து வம்சாவளியைச் சேர்ந்த பௌத்த மாணவன், 6-ம் வகுப்பு. அறிவியல் தேர்வில், 'எவ்வளவு அற்புதமாக ______ படைத்திருக்கிறார்!' என்று கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வி. 'கர்த்தர்' என்று எழுதினால்தான் மதிப்பெண். பெற்றோர் போய்க் கேட்டபோது, மதம் மாறலாமே, இல்லாவிட்டால் ஆசியப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் வேறு பள்ளிக்குப் போகலாமே என்று, அப்பகுதிப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டெண்ட் யோசனை சொன்னதாக வழக்கு மனுவில் இருக்கிறது. ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். மார்ச்சிலேயே பள்ளி நிர்வாகம் இறங்கிவந்து, நீதிமன்ற ஆணையோடு சமரசம் ஆனது. தேர்வுத் தாள் ஒன்று கையில் இருந்தால் வழக்கு எவ்வளவு வேகமாக நகரும் என்பதற்கு இதைத்தான் எல்லோரிடமும் சொல்வேன்.

அதனால் அந்த ஜெராக்ஸ் தாள்களையும் விடைத்தாளையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். அசலைப் பள்ளியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தால், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்பதை மகள் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கட்டும். போனில் ரகசியமாகப் பதிவு செய்யச் சொல்லாதீர்கள். பேச்சில் பங்குபெறும் ஒருவர் சம்மதித்தாலே பதிவு செய்ய ஓஹியோ சட்டம் இடம் கொடுக்கிறது என்றாலும், பள்ளியின் போன் விதியை மீறியதாகச் சொல்லி அவள்மீதே நடவடிக்கை எடுக்க வழி திறந்துவிடும்.

காகிதத்தின் பலத்தை பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் பார்க்கலாம். அங்கே 'படைப்பு' என்ற சொல்லைத் தவிர்த்து, அறிவுள்ள ஏதோ ஒரு சக்தியே உயிர்களை வடிவமைத்தது என்று, 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். 9-ம் வகுப்பில் அதைப் பற்றிய ஓர் அறிக்கையைப் படிக்கச் சொன்னது பள்ளி வாரியம். அறிவியல் ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள், நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து படித்தார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள். வாரியம் பரிந்துரைத்த புத்தகத்தின் பழைய வரைவுகளை நீதிமன்றம் வரவழைத்தது. 1987 தீர்ப்பு வந்த கையோடு, 'படைப்புவாதிகள்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றியிருந்தது அதில் அப்படியே தெரிந்தது. ஓரிடத்தில் பழைய சொல் முழுக்க அழியாமல், புதிய சொல்லோடு ஒட்டிக்கொண்டே கிடந்தது. 2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில், இது அறிவியல் அல்ல, படைப்புவாதத்தின் வழித்தோன்றல் என்று எழுதினார். பெற்றோருக்காக வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வாதாடினார்கள். தோற்ற பள்ளி நிர்வாகம் சுமார் 10 லட்சம் டாலர் வழக்குச் செலவைக் கட்டியது.

சரி, சட்டம் இப்போதும் அவ்வளவு உறுதியாக இருக்கிறதா? பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் ஜெபம் செய்தது பற்றிய 2022 வழக்கில், 1987 தீர்ப்பும் டோவர் தீர்ப்பும் பயன்படுத்திய அளவுகோலை உச்ச நீதிமன்றம் கைவிட்டது உண்மை. அதை வைத்து உங்கள் பள்ளியின் வழக்கறிஞர் வாதாடக்கூடும். ஆனால் 1987 தீர்ப்பு ரத்தாகவில்லை. அதை உச்ச நீதிமன்றமே மாற்றும்வரை கீழமை நீதிமன்றங்கள் மீற முடியாது. அந்தப் பயிற்சியாளர் ஜெபம் செய்தது ஆட்டம் முடிந்த பிறகு. உங்கள் ஆசிரியர் செய்தது பாட வேளையில், மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு. எனக்கு இந்த வேறுபாடு பெரியதாகவே தெரிகிறது.

எல்லாவற்றுக்கும் புகார் எழுதவும் கூடாது. ஒரு மாணவர் தன் நம்பிக்கையை வகுப்பில் சொல்லலாம், அது அவர் உரிமை. இலக்கிய வகுப்பிலோ மதங்களின் வரலாற்று வகுப்பிலோ பைபிள் படிப்பதும் தவறல்ல. தனியார் மதப் பள்ளியாக இருந்தால் இந்தப் பதிலில் பெரும்பகுதி பொருந்தவே பொருந்தாது.

உங்கள் மாநிலத்திலேயே மவுண்ட் வெர்னன் ஊரில் ஓர் அறிவியல் ஆசிரியர், மதக் கருத்துகளைப் பாடத்தில் புகுத்தியதற்காகவும், மதப் பொருள்களை வகுப்பிலிருந்து அகற்றச் சொன்ன உத்தரவை மீறியதற்காகவும் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2013-ல் ஓஹியோ உச்ச நீதிமன்றம் அந்தப் பணிநீக்கம் செல்லும் என்றது, ஆனால் மேலதிகாரியின் உத்தரவை மீறினார் என்ற காரணத்தின் பேரில்தான். நிர்வாகம் எழுத்தில் உத்தரவு போட்டிருந்தால் அதற்கு இருக்கும் பலத்தைப் பாருங்கள். அந்த உத்தரவைப் போட வைப்பதுதான் உங்கள் முதல் வேலை.

ஆகவே பிரின்சிபலுக்கும் சூப்பரின்டெண்டெண்டுக்கும் ஒரே மின்னஞ்சல் எழுதுங்கள். கோபம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். இன்ன தேதியில் இந்தத் தாள் கொடுக்கப்பட்டது, இன்ன தேதித் தேர்வில் இந்தக் கேள்வி வந்தது என்று எழுதி, படங்களை இணையுங்கள். இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் கேளுங்கள். புகாருக்குப் பிறகு மகளின் மதிப்பெண்ணிலோ நடத்தும் விதத்திலோ மாற்றம் தெரிந்தால், பழிவாங்கல் என்று அது தனி வழக்காகும். அதையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

பதில் வராவிட்டால், குடிமக்களின் உரிமைகளுக்காக வழக்காடும் ஏசிஎல்யு அமைப்பின் ஓஹியோ கிளையை அணுகுங்கள். இப்படிப்பட்ட வழக்குகளை அவர்கள் கட்டணமின்றி நடத்துகிறார்கள். மைனர் என்பதால் மகளின் பெயர் நீதிமன்ற ஆவணங்களில் முதலெழுத்துகளாக மட்டுமே வரும். ஆனால் சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். டோவரில் பெற்றோர் நிறைய ஏச்சுப்பேச்சு கேட்டார்கள். அதனால் வழக்கு வேண்டுமா என்பதை மகளும் உட்கார்ந்து பேசிய பிறகே முடிவெடுங்கள். ஓஹியோவில் இத்தகைய வழக்குக்குக் காலவரம்பு 2 ஆண்டு, அவசரமில்லை. சமரசம் வந்தாலும் கைகுலுக்கலோடு விட்டுவிடாமல், சபைனில் செய்தது போல நீதிமன்ற ஆணையாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மின்னஞ்சலில் மூன்று கோரிக்கை இருக்கட்டும். அந்தத் தாள்களைத் திரும்பப் பெற வேண்டும். தேர்வு மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: விட்டுப்போன பரிணாமப் பாடத்தை முழுமையாக நடத்த வேண்டும். ஓஹியோவின் மாநில உயிரியல் தேர்வில் பரிணாமம் வருகிறது. அந்த வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் அந்தத் தேர்வை எழுதப் போகிறவர்கள்.